கச்சத்தீவு திருவிழாப் படகு: போகலாமா வேணாமா, போயிட்டு வந்தவ எழுதுறேன்

ராமேஸ்வரத்துல இருந்து வருஷா வருஷம் தவக்காலத்துல, அதாவது பிப்ரவரி கடைசி இல்லன்னா மார்ச்சுல, கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு படகு போகும்ல, அதப் பத்தித்தான் இந்த ரிவ்யூ. எங்க ஊரு பக்கம் லாட்ஜுக்கு எழுதுறாங்க, மீன் சாப்பாட்டுக் கடைக்கு எழுதுறாங்க, தனுஷ்கோடி போற வேனுக்குக் கூட ஸ்டார் போடுறாங்க, ஆனா இந்தப் பயணத்தப் பத்தி எங்க கேட்டாலும் ஒன்னு அரசியல் பேசுறாங்க இல்லன்னா "சூப்பரா இருந்துச்சு போயிட்டு வாங்க"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. வயசானவங்கள கூட்டிட்டுப் போகலாமா, பாத்ரூம் எப்படி, சாப்பாடு உண்டா, யார் யார் போகலாம், இதெல்லாம் கேக்குறவங்களுக்குத்தான் எழுதுறேன். நான் பாம்பன் பொண்ணு, கல்யாணம் பண்ணிப் போனது தங்கச்சிமடம், ரெண்டு வீட்லயும் கடல் தொழில் தான், எங்க அத்தைக்கு (மாமியாரத்தான் சொல்றேன்) அந்தோணியாருக்கு ஒரு நேர்ச்சை, அதாவது வேண்டுதல், இருந்துச்சு, அவங்களோட தான் போயிட்டு வந்தேன்.

முதல்லயே சொல்லிடுறேன், போங்க. கண்டிப்பா போங்க. வசதின்னு பாத்தா மார்க்கு கம்மி தான், ஆனா இந்தப் பக்கத்துத் தமிழ் ஆளும் அந்தப் பக்கத்துத் தமிழ் ஆளும் பாஸ்போர்ட் விசா எதுவும் இல்லாம ஒரே மணல்ல உக்காந்து ஒரு ராத்திரி பேசுறதுக்கு இத விட்டா வேற இடம் கிடையாது.

பேப்பர் வேலைய முதல்ல பாத்துருவோம். பாஸ்போர்ட் வேணாம்னா எதுவுமே வேணாம்னு அர்த்தம் இல்ல. ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்குக் கோயில்ல (சர்ச்சுல) விண்ணப்பம் குடுப்பாங்க, ஆதார் ஜெராக்ஸ், போட்டோ, போலீஸ் சான்று, அரசாங்க வேலைல இருந்தா ஆபீஸ்ல தடையில்லா சான்று, இதெல்லாம் சேத்து குறிச்ச தேதிக்குள்ள குடுத்துரணும், அந்தத் தேதி தாண்டிட்டா எவ்வளவு கெஞ்சினாலும் முடியாது ஏன்னா லிஸ்ட் ரெண்டு அரசாங்கத்துக்கும் போகணும். போற படகு எதுன்னு முன்னாடியே குறிச்சிருப்பாங்க, பேர் இருக்க படகுல தான் ஏற முடியும். எங்களுக்கு வந்த ஒரே கடுப்பு, ஃபார்ம் எழுதிக் குடுக்குறேன்னு ஒரு ஜெராக்ஸ் கடைல அத்தையோட வயச தப்பா அடிச்சு விட்டுட்டாங்க, அத திருத்துறதுக்கு ஒரு நாள் முழுக்க அலைஞ்சோம். ஃபார்ம நீங்களே ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாத்துட்டுக் குடுங்க.

கிளம்புற வெள்ளிக்கிழமை காலைல விடியிறதுக்கு முன்னாடியே மீன்பிடி துறைமுகத்துல வரிசை நின்னுரும். பையப் பிரிச்சுக் காட்டணும், லிஸ்ட்ல பேர் பாக்கணும், லைஃப் ஜாக்கெட் போடணும். சாராயம், போதை வஸ்து, வியாபாரத்துக்கு மொத்தமா சரக்கு, இதெல்லாம் கொண்டு போகக் கூடாது. வரிசை மெதுவாத்தான் நகரும், வெயில் ஏற ஏற வயசானவங்களுக்கு நிக்க முடியல, நிழலுக்கு பந்தல் போட்டிருந்தாங்க ஆனா அதுக்குக் கீழ நின்ன கூட்டத்துக்கு அது பத்தாது. குடிக்கத் தண்ணியும் உக்கார ஒரு மடக்கு ஸ்டூலும் கையோட கொண்டு போயிருங்க, இத நான் அழுத்திச் சொல்றேன்.

படகுல ஏறுறது தான் பெரிய வேலை. இது ஆள் ஏத்துறதுக்குன்னு கட்டின போட்டு இல்ல, மத்த நாள்ல இறால் மீனு அள்ளிட்டு வர்ற விசைப்படகு தான், கழுவி விட்டு தார்ப்பாய் கட்டி கொண்டாந்து நிறுத்திருப்பாங்க. ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவுல ஒரு பலகை. அலை அடிக்கும்போது பலகை ஏறி இறங்கும், படகுல இருக்க பையங்க ரெண்டு பேரு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர்னு நின்னு, "ஆத்தா கால பாக்காத, என் முகத்தப் பாரு, பாத்துக்கிட்டே வா"ன்னு சொல்லி எங்க அத்தைய பஞ்சு மாதிரி தூக்கி உள்ள வச்சாங்க. அந்தப் பையங்களுக்கு இதுக்குன்னு யாரும் டிரெய்னிங் குடுக்கல, தினம் கடல்ல நிக்குறவங்களுக்கு அது தானா வருது. உள்ள போனதும் பின்பக்கம் இஞ்சின் சூடு அடிக்கும், டீசல் வாடை வரும், அதனால முடிஞ்சா அணியத்துப் பக்கமா, அதாவது படகோட முன்பக்கமா, எடம் பிடிச்சிருங்க, காத்தும் வரும் வாந்தியும் வராது. காலைல எண்ணெய்ப் பலகாரம் எதுவும் சாப்பிடாம ரெண்டு இட்லியோட நிறுத்திக்கங்க.

ரெண்டரை மூணு மணி நேரம் ஓடும். மாசிக் கடல் பெரும்பாலும் அமைதி தான். எல்லைக் கோடு வந்தா எப்படித் தெரியும்னு என் பொண்ணு கேட்டுட்டே வந்தா, கோடு ஒன்னும் தெரியாது, நம்ம கப்பல் ஒரு இடத்துல நிக்கும், கொஞ்ச தூரம் தள்ளி அவங்க கப்பல் நிக்கும், அவ்வளவு தான். படகு ஓட்டினவரு ஜிபிஎஸ்ஸக் காமிச்சு "இந்தா தாண்டிட்டோம்"னு சொன்னாரு. சொல்லும்போது அவரு குரல் மாறுச்சு. இதே கோட்டத் தாண்டினதுக்கு இவரு கூடப் பொறந்தவரு யாழ்ப்பாணம் ஜெயில்ல இருந்துட்டு வந்தவரு. அன்னைக்கு மட்டும் கோயிலுக்கு ஆள் கொண்டு போறோம்ங்கிறதால சல்யூட் அடிக்காத குறையா வழி விடுறாங்க, அடுத்த வாரம் வலையோட போனா கதையே வேற.

இந்த உரிமை சும்மா வந்தது இல்ல, தெரிஞ்சுக்க வேண்டியது இது. ஒரு காலத்துல ராமநாதபுரம் சேதுபதி ஜமீன்ல இருந்த தீவு, 285 ஏக்கர், 1974ல ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல கோடு தீவுக்கு இந்தப் பக்கமா விழுந்து அது இலங்கைக்குப் போயிடுச்சு. அதே ஒப்பந்தத்தோட 5வது ஷரத்துல தான், இந்திய மீனவங்களும் கோயிலுக்குப் போறவங்களும் முன்ன மாதிரியே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதுக்கு இலங்கை பயணப் பத்திரமோ விசாவோ கேக்காதுன்னு எழுதியிருக்கு. மீன் பிடிக்கிற உரிமை இருக்கா இல்லையாங்கிற சண்டை 1976ல போட்ட அடுத்த ஒப்பந்தத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஓடுது, கோயிலுக்குப் போற உரிமை மட்டும் பேப்பர்ல அப்படியே நிக்குது. போர்க்காலத்துல பல வருஷம் அதுவும் நடக்கல, 2009க்கு அப்பறம் தான் திரும்ப ஒழுங்கா நடக்க ஆரம்பிச்சுது. கோயில முதல்ல கட்டினது எங்க மாவட்டத்து நம்புதாளை சீனிக்குப்பன் படையாட்சின்னு எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப பக்கத்துலயே புதுக் கோயிலு, 2016 டிசம்பர்ல திறந்தது, இலங்கை கடற்படை கட்டிக் குடுத்தது. பங்கு விசாரணையெல்லாம் யாழ்ப்பாணம் மறைமாவட்டத்தோடது. இந்தப் பக்கத்துக்காரர் கட்டி, யாழ்ப்பாணத்துச் சாமியார் பூசை வச்சு, ரெண்டு பக்கத்து ஆளும் கும்பிடுற கோயிலு.

தீவுல என்ன இருக்குன்னு கேட்டா, முள்ளுக்காடு, மணல், கரையோரம் கால குத்துற பவளக்கல்லு, கோயில். கடை கண்ணி ஊரு ஒன்னும் கிடையாது, யாரும் குடியிருக்கல. குடிக்கத் தண்ணி தீவுல கிடையாது, எல்லாம் வெளிய இருந்து தான் கொண்டு வந்து வைக்கிறாங்க. அவங்க பக்கத்துல இருந்து வெள்ளி ராத்திரியும் சனி காலைலயும் சாப்பாடு குடுத்தாங்க, சோறு பருப்பு காய் அது மாதிரி, வயிறு நிறையற அளவுக்குக் குடுத்தாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் புளிசாதமோ அவலோ கொஞ்சம் கையில வச்சுக்கங்க ஏன்னா வரிசைல நிக்க முடியாதவங்களுக்கு உதவும்.

பாத்ரூம். இத பொம்பளைங்க யாரும் வெளிய சொல்றதில்ல, நான் சொல்றேன். தகரம் அடிச்ச தற்காலிக கக்கூஸ் தான், வந்திருக்க ஆயிரக்கணக்கான சனத்துக்கு அது சுத்தமாப் பத்தாது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அங்க லைட்டும் சரியா இல்ல, தண்ணியும் தீந்து போச்சு. எங்க அத்தை அதுக்குப் பயந்தே சாயங்காலத்துல இருந்து தண்ணி குடிக்காம கிடந்தாங்க, அறுபது வயசு தாண்டினவங்க அந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருக்கிறது எவ்வளவு ஆபத்து. ரெண்டு நாட்டு அரசாங்கமும் கப்பல் நிறுத்துது, ஹெலிகாப்டர் வைக்குது, பொம்பளைங்களுக்கு இன்னும் இருபது கக்கூஸ் கூட வச்சு ஒரு லைட்டு போட்டா என்னவாம். யார் ஏற்பாடு பண்றாங்களோ அவங்க காதுக்கு இது போகணும்னு தான் எழுதுறேன். டார்ச் லைட்டு, ரெண்டு லிட்டர் பாட்டில்ல தனியா கழுவுற தண்ணி, இது ரெண்டும் இல்லாம கிளம்பாதீங்க.

ராத்திரி தூங்குறது வெறும் மணல்ல தான். பாய், போர்வை, கொசுவுக்கு ஏதாச்சும். பனி நல்லா இறங்கும்.

வழிபாடு பத்தி நான் ரொம்ப எழுதப் போறதில்ல, போறவங்களுக்குத் தெரியும். வெள்ளி சாயங்காலம் கொடியேத்தம், செபமாலை, சிலுவைப்பாதை, ராத்திரி தேர், சனிக்கிழமை காலைல திருவிழாப் பூசை, அப்பறம் கொடி இறக்கிட்டு அவங்கவங்க படகுக்கு. எங்க படகுல வந்ததுல பாதிப் பேரு இந்துக்கள், ரெண்டு முஸ்லிம் குடும்பமும் இருந்துச்சு, கடல் தொழில்ல இருக்கவங்களுக்கு அந்தோணியார் எல்லாருக்கும் பொது. சிலுவைப்பாதை பாட்ட ரெண்டு பக்கத்துச் சனமும் ஒரே ராகத்துல பாடினப்ப எங்க அத்தை அழுதுட்டாங்க.

நான் எழுத வந்ததே கோயிலுக்கு வெளிய நடக்குறதப் பத்தி. அந்தப் பக்கத்து ஆளுங்க யாழ்ப்பாணத்துல இருந்து பஸ் ஏறி குறிகட்டுவான் படகுத்துறைக்கு வந்து, அங்க இருந்து படகுல வர்றாங்க, நெடுந்தீவு ஆளுங்க நேரா வர்றாங்க, மன்னார் பக்கத்துல இருந்தும் வர்றாங்க. பொழுது சாஞ்சதும் ரெண்டு கூட்டமும் கலந்துரும். பழைய காலத்துல இது பெரிய சந்தை மாதிரி நடக்கும்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க, இங்க இருந்து சேலையும் கைலியும் போகும், அங்க இருந்து தேங்காண்ணெயும் ராணி சோப்பும் வரும். இப்ப அப்படி மொத்தமா கொண்டு போக விடுறதில்ல, ஆனாலும் அவங்க போட்டிருக்க சின்னச் சின்ன கடைல பிஸ்கட்டு, சோப்பு, தேயிலை, பனைப்பொருள் எல்லாம் கிடைச்சுது, நான் வாங்கின கடைல நம்ம ரூபாயவே வாங்கிக்கிட்டாங்க. விலையப் பத்திக் கேக்காதீங்க, அங்க போயி பேரம் பேசணும்னு எனக்குத் தோணவே இல்ல.

ஒரு விஷயத்த மட்டும் விவரமாச் சொல்றேன். இலங்கை அகதிங்க இருக்க மண்டபம் முகாம்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க. 1990ல மன்னார்ல சண்டை உச்சத்துல இருந்தப்ப சின்னப் பொண்ணா படகுல வந்தவங்க, இங்கயே கல்யாணம் பண்ணி, புள்ளை பெத்து, இப்ப பேத்தியும் எடுத்தாச்சு. கூடப் பொறந்த தங்கச்சி பேசாலையிலயே நின்னுட்டாங்க. இந்தப் படகுல முகாம் ஆளுங்கள ஏத்துறதில்ல, அதனால அந்தம்மா தங்கச்சியப் பாக்க வர முடியாது. என் கையில ஒரு கைத்தறிச் சேலையும் பேத்தி போட்டோ ரெண்டும் குடுத்து விட்டாங்க. தீவுல நம்ம போன் சிக்னல் எடுக்காது, அதனால முன்னாடியே வாட்ஸப்புல பேசி, கொடிமரத்துக்கு வலப்பக்கம், கொடி ஏறி முடிஞ்சதும்னு இடம் குறிச்சு வச்சிருந்தோம். நான் போயி நின்னா, ஒரு அம்மா பள்ளிக்கூடத்து நோட்டுப் பேப்பர்ல அக்கா பேர பெருசா எழுதி நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. மூக்கும் நெத்தியும் அப்படியே அக்கா தான், எனக்கு பேப்பர் படிக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு.

சேலைய வாங்கி மடில வச்சுட்டு போட்டோவ டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. "எங்கட அம்மாட முகம் தான், பாருங்கோ, அப்பிடியே எங்கட அம்மா"ன்னு பக்கத்துல இருந்தவங்களுக்கெல்லாம் காமிச்சாங்க. அப்பறம் "அக்கா மெலிஞ்சு போயிட்டாவோ? போன்ல சுகம் சுகம் எண்டு தான் சொல்லுறா, நீங்க நேரில பாத்தனீங்க தானே, உண்மையச் சொல்லுங்கோ"ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. சுகர் இருக்கு, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்க, முழங்கால் வலி உண்டுன்னு தெரிஞ்சத மறைக்காம சொன்னேன். அவங்க ஒவ்வொன்னுக்கும் "ஓம்... ஓம்"னு கேட்டுக்கிட்டாங்க. கிளம்பும்போது ஒரு பை நிறைய புழுக்கொடியலும் (பனங்கிழங்க அவிச்சுக் காய வச்சது) ரெண்டு சோப்பும் குடுத்து, "இதில ஒண்டு உங்களுக்கு"ன்னாங்க. வீடியோ கால்ல தினம் பேசிக்கிறவங்க தான் ரெண்டு பேரும். ஆனா நேர்ல பாத்த ஒரு ஆளு வாயால கேக்கணும்னு அவங்களுக்கு இருந்துச்சு பாருங்க, அதுக்கு இந்தப் படகு வேணும்.

எல்லாமே இப்படி இனிப்பா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி எங்க பாய்க்குப் பக்கத்துல நெடுந்தீவு ஆளு ஒருத்தர், கடல் தொழில் தான், எங்க வீட்டுக்காரர்ட்ட பேச்சுக் குடுத்தாரு. முதல்ல மீன் விலை, டீசல் விலைன்னு நல்லாத்தான் போச்சு, அப்பறம் நேராக் கேட்டாரு, "அண்ணை, உங்கட றோலர் வந்து எங்கட வலைய அறுத்துக்கொண்டு போகுது, ஒரு வலைக்கு எவ்வளவு காசு முடியும் எண்டு உங்களுக்குத் தெரியும் தானே?" றோலர்னு அவரு சொல்றது நம்ம இழுவை மடி விசைப்படகத்தான். எங்க வீட்டுக்காரர் நாட்டுப்படகு. அவரால என்ன பதில் சொல்ல முடியும். ராமேஸ்வரத்துலயே விசைப்படகு ஒரு நாள் போனா நாட்டுப்படகு மறுநாள்னு நாள் பிரிச்சுத்தான் ஓடுது, அதுக்குக் காரணமே இந்த வலை அறுக்குற பிரச்சனை தான். இழுவை மடி அடியோட எல்லாத்தையும் வாரிட்டு வந்துரும், குஞ்சு, பாசி, கல்லு எதையும் விடாது. இலங்கைல 2017லயே அத சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க. போர் நடந்த காலத்துல அவங்க கடலுக்கே இறங்க முடியாம இருந்தாங்க, நம்ம ஆளுங்க அங்க போயி பிடிச்சுப் பழகிட்டாங்க, இப்ப அவங்க திரும்ப தொழிலுக்கு வந்ததும் முட்டிக்குது. அவரு சொன்னதுல நியாயம் இருக்கு. அதே நேரத்துல நம்ம பையங்கள வருஷக்கணக்குல உள்ள போட்டு, லட்சக்கணக்குல கடன் வாங்கிக் கட்டின படகப் பிடிச்சு வச்சு மக்க விடுறதுலயும் எனக்கு ஒப்புதல் இல்ல, கூலிக்குப் போன பையன் வீட்ல அடுப்பு எரியாது, படகு முதலாளிக்கு ஒன்னும் ஆகாது. இதையும் எங்க வீட்டுக்காரர் அவர்ட்ட சொன்னாரு. அவரு கேட்டுக்கிட்டாரு. ரெண்டு பேரும் விடிய விடியப் பேசினாங்க. டிவில இந்தப் பிரச்சனையப் பேசுறவங்க ஒருத்தராவது இப்படி பாய்ல பக்கத்துல உக்காந்து வலை அறுந்தவன்ட்ட பேசிருக்காங்களா?

2024ல நம்ம மீனவங்களுக்கு அங்க கோர்ட்டுல ஜெயில் தண்டனை குடுத்தாங்கன்னு ராமேஸ்வரம் மீனவங்க திருவிழாவப் புறக்கணிச்சாங்க, இங்க இருந்து படகே போகல. அந்தக் கோவத்த நான் தப்புன்னு சொல்லல, என் தெருவுலயே பாதிக்கப்பட்ட வீடு இருக்கு. ஆனா அந்த வருஷம் கொடிமரத்துக்கு வலப்பக்கம் வந்து நின்ன எத்தனை பேரு யாரையும் பாக்காம திரும்பிப் போயிருப்பாங்கன்னு நினைச்சுப் பாத்தா மனசு கேக்கல. மத்த எதுல வேணாலும் போராடலாம், இந்த ஒரு ராத்திரிய விட்டுரக் கூடாதுங்கிறது என்னோட கருத்து. என் வீட்லயே இதுக்கு ஒத்துக்காதவங்க இருக்காங்க.

சரி, வேற வழி இருக்கான்னு கேப்பீங்க. அரிச்சல்முனைல நின்னா தலைமன்னாருக்கு முப்பது கிலோமீட்டர் கூட வராது, போனுக்கு இலங்கை நெட்வொர்க் வந்து "வெல்கம்"னு மெசேஜ் விழும், எங்க அம்மா காலத்துல ரேடியோன்னாலே இலங்கை வானொலி தான். 1914ல பாம்பன் பாலம் திறந்ததுல இருந்து எக்மோர்ல டிக்கெட் எடுத்தா ரயில்ல தனுஷ்கோடி, அங்க கப்பல்ல தலைமன்னார், திரும்ப ரயில்ல கொழும்புன்னு போட் மெயில் ஓடுச்சு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியும் போச்சு, ரயிலும் சனத்தோட போச்சு. அதுக்கப்பறமும் ராமேஸ்வரத்துல இருந்து தலைமன்னாருக்கு ராமானுஜம் கப்பல் போயிட்டு வந்துட்டுத்தான் இருந்துச்சு, சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துல வந்த மலையகத்துத் தேயிலைத் தோட்டச் சனம் அதுல தான் வந்து இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனாங்க. சண்டை வந்ததும் 80கள்ல அதுவும் நின்னுருச்சு. அங்க தலைமன்னார் பியர் வரைக்கும் ரயில் 2015 மார்ச்லயே திரும்ப ஓட ஆரம்பிச்சாச்சு, இங்க புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாச்சு. ரெண்டு பக்கமும் தண்டவாளம் ரெடி, நடுவுல இருக்க கடலுக்கு மட்டும் கப்பல் இல்ல.

இப்ப ஒரு ஆளு ராமேஸ்வரத்துல இருந்து தலைமன்னாருக்கு சட்டப்படி போகணும்னா மதுரைக்குப் போயி பிளைட்டு ஏறி கொழும்புல இறங்கி அங்க இருந்து தலைமன்னார் வரைக்கும் தரை வழியா வரணும். இல்லன்னா நாகப்பட்டினம் போயி காங்கேசன்துறைக் கப்பல், 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, உடனே மழைக்காலத்துக்கு நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப வந்தது, நாலு மணி நேரத்துல கொண்டு விட்டுரும், நல்ல விஷயம் தான். ஆனா மன்னார்ல சொந்தம் இருக்க ராமநாதபுரம் ஆளுக்கு வடக்க ஏறி, கடலத் தாண்டி, யாழ்ப்பாணத்துல இருந்து திரும்ப தெக்க இறங்குறது ரெட்டை வேலை. பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு, பஸ்ஸு, சாப்பாடுன்னு கூட்டிப் பாத்தா ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியே ஆகாது. ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் வரும் வரும்னு சொல்லிட்டே இருக்காங்க, அது வர்ற வரைக்கும் எங்க பக்கத்துச் சனத்துக்கு வருஷத்துல இந்த ரெண்டு நாள் தான்.

மார்க்கு போடச் சொன்னா, படகுக்காரங்களுக்கு 5க்கு 5, யோசிக்கவே மாட்டேன். சாப்பாட்டுக்கு 4. வரிசை, நிழலு, விண்ணப்ப வேலைக்கு 3. கக்கூஸுக்கு 1, அதுவும் இருக்குதேங்கிறதுக்காக. ஏறி இறங்குற இடத்துல பலகைக்குப் பதிலா கைப்பிடி வச்ச படி ஒன்னு போட்டா வயசானவங்க இன்னும் நிறையப் பேரு வருவாங்க. முகாம் ஆளுங்கள்ல கூடப் பொறந்தவங்க அங்க இருக்கவங்களுக்காவது ஒரு தனி அனுமதி குடுத்து இந்தப் படகுல ஏத்தலாம், ஓடிப் போகவா போறாங்க, முப்பது வருஷத்துக்கு மேல இங்க இருக்கவங்க. இத கலெக்டர் மனுநாள்ல எழுதிக் குடுக்கலாம்னு நாங்க நாலஞ்சு குடும்பம் பேசிக்கிட்டிருக்கோம்.

மாசமா இருக்கவங்க, சமீபத்துல ஆபரேஷன் பண்ணவங்க போகாதீங்க. மூச்சிரைப்பு இருக்கவங்க பம்ப்ப கையிலயே வச்சுக்கங்க, பைக்குள்ள வச்சா பைய படகுக்கு அடில போட்டுருவாங்க. புள்ளைங்கள கூட்டிட்டுப் போனா தீவுல இறங்கினதும் ஒரு அடையாள இடத்தக் காமிச்சு வச்சிருங்க ஏன்னா போன் கிடையாது. செருப்பு ஷூ மாதிரி மூடினதாப் போடுங்க, கல்லு குத்தும். பிளாஸ்டிக் பையக் குறைச்சுக்கங்க, கொண்டு போன குப்பைய திரும்ப எடுத்துட்டு வந்துருங்க, அங்க அள்ளுறதுக்கு ஊரு கிடையாது. திரும்பி வர்றப்ப சனிக்கிழமை உச்சி வெயில்ல இங்கயும் ஒரு செக்கிங் வரிசை உண்டு, ராமேஸ்வரத்துல இருந்து வெளியூர் போறவங்க சாயங்கால ரயில நம்பாம ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போடுங்க. விண்ணப்பம் எப்பக் குடுப்பாங்கன்னு பொங்கல் முடிஞ்சதும் வேர்க்கோடு பங்குல போயி கேட்டு வச்சிருங்க. அந்தப் பக்கத்துல யாரையாவது பாக்கணும்னா, கொடிமரத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை மணிக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுக்கங்க.